ஒன்பதாம் தடம்

அக்காவின் பாடப்புத்தகத்தில் அது மின்சுமை.
என்னுடையதில் மின்னூட்டம்.
ஒரே பொருளைச் சுமை என்றும் சொல்லலாம்
ஊட்டம் என்றும் சொல்லலாம் போல என்று
தேர்வுக்கு மட்டும் மனப்பாடம் செய்துகொண்டேன்.

பரேலில், நான்காவது மாடியில்,
ஏசி சொட்டுகிற நீருக்கு ஒரு வாளி வைத்துவிட்டு
இப்போது அதைத்தான் பிரித்துப் பார்க்கிறேன்.

கூழ்ப்படலத்தின் ஒரு முனை புளிப்பு, மறுமுனை காரம்.
மின்சாரத்தைத் திறந்துவிட்டால்
ஒவ்வொரு மூலக்கூறும் நகரும்,
தன் சுமை பூச்சியம் ஆகிற இடம் வரைக்கும்.
அங்கே நின்றுவிடும். இழுக்க ஆளில்லாத இடம்.
ஆறு மணி கல்யாண் லோக்கலில்
அவரவர் ஸ்டேஷனில் இறங்குவது மாதிரி என்று
புதிதாய்ச் சேர்ந்த மராத்திப் பெண்ணுக்கு விளக்கினேன்.
"தாதரில் யார் இறங்க விடுகிறார்கள்?" என்றாள்.

ஒன்பதாம் தடத்தில் இருப்பவன்
குர்லாவுக்கும் சயனுக்கும் நடுவே
வாசல் கம்பியைப் பிடித்துக் காற்று வாங்கியவன்.
சிக்னல் கம்பம் ஒன்று அவன் தலையைத் தொட்டுவிட்டுத்
தன் இடத்திலேயே நின்றது.
பதினோரு நாள் நினைவில்லை.
பிறகு கண் திறந்தான், கிழமை சொன்னான்,
காட்டிய விரல்களைச் சரியாக எண்ணினான்.
தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பெயர் எனக்குத் தெரியக்கூடாது. விதி.
குழாயில் எண் மட்டும்.
ஆனால் ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே
திருநெல்வேலித் தமிழ் கேட்டால்
என் கால் தானாக நின்றுவிடுகிறது.

"மே மாசத்துல போர்வை கேக்காவ, மேடம்.
தாடி மழிச்சு மூணு வாரம் ஆச்சு, முளைக்கவே இல்ல.
முன்னெல்லாம் சாம்பார்ல உப்பு கூடுனா வீடு ரெண்டாவும்.
இப்ப உப்பே போடாம வச்சேன், பாப்பமேன்னு.
ஒண்ணும் சொல்லாம தின்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாவ."

லிங்கேஸ்வரி. ஆன்டாப் ஹில்.
பிளாஸ்டிக் பையில் பழைய அறிக்கைகள், எல்லாமே நார்மல்.
மனசுதான் என்றிருக்கிறார் ஒரு மருத்துவர்.
போகப் போகச் சரியாகும் என்றிருக்கிறார் இன்னொருவர்.
கோடவுன் முதலாளி: நடிப்பு.

எண்ணிக்கை சரிதான்.
மூக்குக்குப் பின்னால், எலும்புக் கிண்ணத்தில்
பட்டாணி அளவில் தொங்கும் அந்தச் சுரப்பி,
காம்பு கசங்கிய பிறகும்
குமாஸ்தா கோப்பு தள்ளுவது போல
குறையாமல் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது.
அனுப்பியவற்றின் சர்க்கரைக் கிளைகள்தான் மாறிவிட்டன.
நுனியில் அமிலம் கூடி, எதிர்மின்சுமை கூடி,
கழுத்துச் சுரப்பியின் கதவில் போய் நிற்கின்றன,
தட்டத் தெரியாமல்.

ஒன்பதாம் தடத்தின் பட்டை
மற்றவர்கள் இறங்கிய இடத்தில் இல்லை.
புளிப்பு முனைப் பக்கம், அரை விரல்கடை தள்ளி,
தனியாக.

ஒரு தடம் சாட்சி ஆகாது என்றார் டாக்டர் கார்கானிஸ்.
மறுபடி ஓட்டினேன். கூழ் கிழிந்தது.
மூன்றாம் முறை ராத்திரியில்.
வாளி நிரம்பித் தரையெல்லாம் ஈரம்,
பட்டை அதே இடத்தில்.

அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அதுவும் விதி.
டாக்டர் யாருக்கோ போன் செய்தார்.
கார்டிசால் பார்த்தார்கள், தரையில் கிடந்தது.
முதலில் அதற்கு மாத்திரை, அப்புறம்தான் தைராய்டுக்கு.
வரிசை மாறினால் ஆளே போய்விடலாம்.
எழுதிய தாளில் "முதலில்" என்பதற்குக் கீழே
இரண்டு கோடு.

ஜூலையில், தண்டவாளம் முங்கிய ஒரு நாள்,
நடைக்கூடத்தில் மறுபடி அவள். அழுத முகம்.
எனக்கு வயிறு கலங்கியது.
"நேத்து ராத்திரி பெரிய சண்டை, மேடம்.
கொழம்பு வாயில வைக்க விளங்கலியாம்.
எங்க அம்மை வரைக்கும் இழுத்துட்டாவ."
மூக்கைச் சிந்தித் துடைத்தாள்.
சிரிக்கிறாளா என்று பார்த்தேன்.
முந்தானை மறைத்துவிட்டது.

"இந்த மாத்திரைய எத்தன நாளைக்குத் திங்கணும்?"
ஆயுசுக்கும் என்று சொல்ல வேண்டியவர்
உள்ளே வேறொரு நோயாளியோடு இருந்தார்.
ரயில் எதுவும் ஓடவில்லை என்கிற அறிவிப்பு
ஸ்டேஷன் பக்கமிருந்து மராத்தியில் வந்தது, இந்தியில் வந்தது.
இரண்டும் புரிந்த நாங்கள்
அவர் வெளியே வரட்டும் என்று
பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு உட்கார்ந்தோம்.