வயிற்றுவார்

வந்தாறுமூலையில் மழை. கரண்ட் இல்லை.
உலர்தாவர அறையின் இரும்பு அலுமாரிகளைத் திறந்து
நானும் றிஸ்மியாவும்
குடும்பங்களைக் குடிபெயர்க்கிறோம்.

தேக்கைத் தூக்கித் துளசியின் தட்டில் வைக்கிறோம்.
இத்தனை வருடம் பிழையான வீட்டில் இருந்த மரம்
ஒன்றும் சொல்லவில்லை.
பூச்சி உருண்டை மட்டும் மணக்கிறது.

"தாமரை எங்க வைக்கிறகா? அல்லியோடயா?"
இல்லை.
ஒரே குளம், ஒரே சேறு,
கோயிலுக்கு ஒரே கூடையில் போகிறவை.
ஆனாலும் தாமரைக்குக் கிட்டின சொந்தம்
மலைநாட்டில்
தேயிலைக்கு நிழல் பிடிக்கும் கிரெவில்லியா.
அல்லி, மற்றப் பூக்களெல்லாம் இன்னும்
ஒன்றாய் இருந்த காலத்திலேயே
தனியே இறங்கிப் போனவள்.

போன ஆவணியில்
வலையிறவுக்கு அப்பால் இலை பறித்தோம்.
கண்டல், கண்ணா, தில்லை, கிண்ணை.
முழங்கால் சேற்றில் நாலும் தோளோடு தோள்.
"எல்லாம் ஒரே சாதிதானே"
என்றார் தோணி தாங்கிய பத்தினியன்,
தில்லைப் பால் கண்ணில் தெறிக்காமல்
முகத்தைக் கிறுக்கிக்கொண்டு.

அப்படியில்லை அண்ணன்.
தில்லை, உங்கள் வளவு மரவள்ளிக்குச் சொந்தம்.
கண்ணா, வாய்க்கால் ஓரத்து நீர்முள்ளிக்கு.
கிண்ணங்காயை உருட்டிப் பார்த்த றிஸ்மியாவின் விரல்களில்
கலியாணத்து மருதோண்டி வெளிறிக்கொண்டிருந்தது.
அந்தச் சிவப்பைத் தந்த செடியும் இந்தக் காயும்
ஒரு குடும்பம்.
கேட்டால் மாதுளையும் வந்து உட்காரும்.

உப்புத்தான் நாலுக்கும் ஒரு சாயல் கொடுத்தது.
சேர்ந்து கஷ்டப்பட்டால் முகம் ஒத்துப்போகும்.
சொந்தம் வேறு கணக்கு.

கணக்கு கொழும்பிலிருந்து வந்தது, ஒரு தாளில்,
கிளை கிளையாய்க் கோடு.
இலைக்குள் பச்சை சுமக்கும் சிறுமணியின்
எழுத்தை வாசித்துப் போட்ட கோடு.
அந்த மணி மகரந்தத்தோடு வருவது அபூர்வம்.
சூலோடுதான் பெரும்பாலும்.
தாய்க்குப் பிறகு மகள், மகளுக்குப் பிறகு
அவள் மகள்.

"எங்கட குடி மாதிரி" என்றேன்.
"எங்கடையும்" என்றாள்.
மறுகா,
மழை கூரையில் இரைய இரைய,
நான் என் குடியின் பெயரைச் சொன்னேன்.
அவள் கையில் இருந்த தாளைக் கீழே வைத்தாள்.
அவளுடையதும் அதுதான்.

அவள் நிந்தவூர். நான் பெரியகல்லாறு.
கடற்கரை ரோட்டில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை.
ஒருவர் ஊருக்கு மற்றவர் போகாமல் இருந்த வருடங்களை
எண்ண இருவருக்கும் மனமில்லை.

இரண்டு கோடு சேரும் முடிச்சில்
எவள் நின்றாள் என்று தாள் சொல்லாது.
பக்கத்தில் ஒரு எண் மட்டும் போடுவார்கள்,
இந்த உறவை எவ்வளவு நம்பலாம் என்று.
எங்கள் முடிச்சில் அந்த எண்ணும் இல்லை.
"நூறு போடுகா" என்றாள்.
போடவில்லை. சிரித்தேன்.

கடைசித் தட்டில் கண்ணா.
பழுப்பு மையில்:
'ச. குலமணி. எண் 212. வாகரை.
சேறு. மாலை. வைகாசி 1990.'
கண்ணா இப்போது முள்ளியின் வீட்டுக்குப் போகவேண்டும்.
பழைய பெயரை வெட்டக்கூடாது என்பது விதி.
பக்கத்தில் புதுத் துண்டு ஒட்டி,
நாளும் கையொப்பமும் இட வேண்டும்.
ஒட்டினேன்.

213 எங்கே என்றாள் றிஸ்மியா.
கட்டுகளை அவிழ்த்தோம். டோர்ச் அடித்தோம்.
பத்தொன்பது அலுமாரி.
அந்தக் கையெழுத்து 212இல் நிற்கிறது.

திரும்பி வந்து தாளின் முன் உட்கார்ந்தோம்.
இலையின் அடிப்புறத்தில் வெள்ளையாய் ஏதோ மினுங்கியது.
"உப்பாகா?"
விரலால் தொட்டு, வாய்க்குக் கொண்டுபோனாள்.
"நக்காத புள்ள. அந்தக் காலத்துத் தாள்,
நஞ்சு பூசியிருப்பாங்க."

விரல் பாதியில் நின்றது.