மூச்சுக் காட்டாத வட்டு

தகரப் பெட்டி. மூடியில் புடைத்த எழுத்து.
இரண்டு வட்டு, அறுபது பக்கக் கையேடு,
கதாநாயகியின் துப்பாக்கியைச் சுண்டுவிரலளவுக்குச் சுருக்கி
ஒரு சாவிக்கொத்து.
நாற்பத்தொன்பது டாலர்.
ஞாயிற்றுக்கிழமைப் பத்திக்கு
நானூறு சொல் கேட்டிருக்கிறார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது.
பழைய நாடாவில் சாம்பல் கஞ்சியாய்க் கிடந்த இரவு
இப்போது பாழ்ங்கிணறு.
தாதுத் துறையின் இரும்புத் தூண்களில்
ஒவ்வோர் ஆணித்தலையையும் எண்ணலாம்.
எண்ணினேன்.
சரக்கு ரயில் கவிழ்கையில்
அலமாரிக் கோப்பைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.
கீழ்வீட்டு திருமதி ஸ்க்ராம்ஸ்டாட்
துடைப்பக்கட்டையால் இரண்டு முறை
என் தரையைத் தட்டினார்.
ஒலிக்கு ஐந்துக்கு ஐந்து.

முதல் பாகம் பார்க்காதவர்கள்
பார்க்க வேண்டாம். இரண்டாவதுதான் படம்.
மனிதத் தோல் போர்த்திய இயந்திரம்
எங்கள் டூலூத் துறைமுகத்தில்
நாற்பது கூலிகளில் ஒருவனாக நிற்கிறது.
சம்பளச் சீட்டு வைத்திருக்கிறது.
கெட்ட வார்த்தையெல்லாம் தெரிகிறது.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
அவள் சுடவில்லை. வரிசையோடு நடக்கிறாள்.
வசனம் இல்லை, இசை இல்லை.
நாற்பது வாய்.
முப்பத்தொன்பது புகை.

பதினாறு வயதில், திரையரங்கில்,
அந்த இடத்தில் நாங்கள் அத்தனை பேரும்
மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.
அவள் எங்கள் பக்கம் திரும்பியிருந்தால்
தொலைந்தோம்.

இனி வட்டு.
பிம்பத்தின் மணல்மணலான இரைச்சலைத் துடைக்க
ஒரு மென்பொருளை ஏவியிருக்கிறார்கள்.
அதற்கு மணலும் ஒன்று, ஆவியும் ஒன்று.
மிதப்பதெல்லாம் அழுக்கு என்று
சட்டகம் சட்டகமாய்த் தேய்த்திருக்கிறது.
நாற்பது வாய்.
ஒரு புகையும் இல்லை.
அவள் நடக்கிறாள், பார்க்கிறாள்,
இருபத்தேழாவது ஆளைச் சுடுகிறாள்.
ஏன் அவனை?
குலுக்கலில் விழுந்த பெயர்போல
விழுகிறான்.

நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி.
ஏழு தடவை.
உரைத்தடத்தில் இயக்குநர்
மூச்சுக்கு முந்நூறு தடவை ‘தெளிவு’ என்கிறார்.
கையேட்டின் அறுபது பக்கத்திலும் இதைப்பற்றி
ஒருவரும் மூச்சுக் காட்டவில்லை.

ஆர்வோ கிவிகங்காஸைக் கூப்பிட்டேன்.
முன்னாள் கணவனின் அண்ணன்;
விவாகரத்தில் எனக்கென்று நான் வைத்துக்கொண்ட
ஒரே சொத்து.
இரண்டாம் வரிசை, இடது ஓரம், காதுமடல் தொப்பி.
மூன்று இரவுக்கு முப்பத்தைந்து டாலரும் பட்டாணி சூப்பும்.
புகை தடிப்பாய் வர
சுடுகாப்பியை வாயில் அடக்கி நின்றாராம்.
இயந்திரமாய் நடித்த பையனுக்கோ
மூச்சு தெரியாமலிருக்க
வாய் நிறைய ஐஸ் கட்டி.
ஈறு வெடித்து ரத்தம் வந்ததாம்,
அதையும் விழுங்கிக்கொண்டானாம்.

ஆர்வோ பார்த்தார்.
பூட்ஸிலிருந்து பனி உருகி
என் கம்பளத்தில் இறங்கியது.
‘அப்போ என்னையும் சுட்டிருக்கலாம்,’ என்றார்.
பிறகு, ‘அந்தப் பையனுக்குச் சொல்லாதே.’

பழைய நாடாவைத் தேடி எடுத்தோம்.
பெட்டி கொஞ்சம் மென்று, துப்பி, பிறகு ஓடியது.
கோடு, கோடு, குழைந்த பச்சை,
யாருடைய முகமும் யாருடையதாகவும் இல்லை.
இடது ஓரத்தில்
ஒரு தொப்பிக்குக் கீழே
வெள்ளையாக ஏதோ கிளம்பிக் கலைந்தது.
‘அதோ,’ என்றார்.

போகும்போது தெருவிளக்கடியில் நின்று
என் ஜன்னலைப் பார்த்து
வாயைப் பிளந்து ‘ஹா’ என்றார்.
நன்றாகத் தெரிந்தது.

படத்துக்கு ஐந்து.
வட்டுக்கு இரண்டு; அதில் ஒன்று ஆணித்தலைகளுக்கு.
நாடா வைத்திருப்பவர்கள் வீசிவிடாதீர்கள்.
சாவிக்கொத்து எப்படி என்று சொல்ல முடியவில்லை.
ஆர்வோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.