ஆறடி இரண்டங்குலம்

எஸ்டேட் கார் வேண்டும் என்றேன்.
ஐந்து ரோட்டுப் புரோக்கர் சபியுல்லா
என் செருப்பைப் பார்த்துவிட்டுக் கேட்டார்,
"ஏற்காட்ல எத்தனை ஏக்கர் மேடம்?"

ஏக்கர் இல்லை.
மடக்கு மேஜை ஒன்று இருக்கிறது,
கீல் உடைந்து வெல்டிங் வைத்ததில்
இனி மடங்காத மடக்கு மேஜை,
ஆறடி இரண்டங்குலம்.
கூடவே ஒரு வாக்கர், ரப்பர் பட்டைகள்,
காலில் கட்டும் மணல் பைகள்.
செவ்வாயும் வெள்ளியும் மலை,
மற்ற நாள் அம்மாபேட்டை, கன்னங்குறிச்சி.
படுத்தவர்களை நிற்க வைப்பது என் தொழில்.

கையில் இரண்டு லட்சத்து அறுபது.
அதில் நாற்பது தனி உறையில்,
டயர், இன்சூரன்ஸ், பெயர் மாற்றம்,
இன்னும் எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று.

உயரமான வண்டியா எடுங்க அண்ணி,
ரோட்டுல ஒரு மரியாதை என்றான்
கொழுந்தன் ரெஜினால்டு.
மேஜையை அந்த உயரத்துக்கு
மரியாதையா வந்து தூக்கும்?

ஜங்ஷன் பக்கம் ஒரு வெள்ளை வண்டி.
ஏழு பேர் உட்காரலாமாம்,
முழங்காலால் தாடையைத் தாங்கிக்கொண்டு.
ஒரு மாதம் போனால் ஏழு பேரும்
என்னிடம்தான் வர வேண்டும்.

கொண்டலாம்பட்டியில் ஒரு நீலம்.
நாற்பத்தோராயிரம் ஓடியது என்றது மீட்டர்.
பிரேக் பெடலில் ரப்பர் வழித்து இரும்பு தெரிந்தது.
மீட்டரைத் திருப்பலாம்.
பாதம் தேய்த்ததை எந்தக் கொம்பன் திருப்புவான்?

கடைசியில் சபியுல்லாவே
ஷெட்டின் பின்னால் கூட்டிப் போனார்.
தார்ப்பாய்க்கு அடியில் மண் நிறத்தில் ஒன்று.
"பின்னாடி நீட்டின வண்டி. ஓடும். ஆனா
அமரர் ஊர்தி மாதிரி இருக்குன்னு
எவனும் எடுக்க மாட்டேங்குறான்."

சீட்டைச் சாய்த்து டேப்பை விரித்தேன்.
ஆறடி.
அவர் டேப்பைக் குறை சொன்னார்.
வண்டி கழுவும் நெட்டைச் சின்னப்பன்
ஈரக் காலோடு ஏறி நீட்டிப் படுத்து,
தலைமாட்டில் கைவிட்டு
முன்சீட்டின் கம்பியை இழுத்தான்.
சீட்டு ஒரு சாண் நகர்ந்தது.
அவன் எழுந்திருக்கவில்லை.
"நல்லாருக்கு மேடம்" என்றான் கண்ணை மூடி.

குகை மெக்கானிக் பச்சியப்பனுக்கு ஐந்நூறு.
ஆயில் மூடியைத் திறந்து முகர்ந்தார்,
அடியில் படுத்தார், எழுந்தார், கையைத் துடைத்தார்.
"இன்ஜின் சோம்பேறி, நோயாளி இல்ல.
இதே இன்ஜின் ஊர்ல பாதி டாக்சில ஓடுனது,
சாமானுக்கு அலைய வேண்டாம்.
கிளட்ச் மட்டும் போகப் போகுது."

பெட்ரோல் என் செலவு, காவலுக்குச் சின்னப்பன்.
மேஜையும் மணலும் ஏற்றி
அடிவாரம் தாண்டினோம்.
இருபது வளைவுகள்.
பதினான்கில் பஸ் ஒன்று எதிரே இறங்க
சரிவில் நிறுத்தினேன்.
கைப்பிரேக் பிடித்தது.
கருகல் வாடை வந்தது.
சின்னப்பன் குரங்குகளைப் பார்ப்பதுபோல்
முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
வெப்ப முள் மட்டும் பாதியிலேயே நின்றது,
தன் வேலை தெரிந்தவரைப் போல.

நாகலூரில் மரியசூசை
மகள் தோளைப் பிடித்து வாசல் வந்தார்.
பக்கவாதம் வந்து ஏழு மாதம்.
நாற்காலி தாழ்வு, கட்டில் உயரம்,
எதிலிருந்தும் தானாக எழ மாட்டார்.
"உங்க வண்டியா டாக்டரம்மா?"
இன்னும் இல்லை என்றேன்.

மேஜையை இறக்கப் பின்கதவைத் தூக்கினேன்.
காலியான விளிம்பில்
கேட்காமலே போய் உட்கார்ந்தார் மனிதர்.
பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் படிந்தன.
முழங்காலுக்குச் சரியான உயரம்.
நான் டேப்பை எடுக்கவில்லை.

எழுந்தார்.
யாரையும் பிடிக்காமல்.
உட்கார்ந்து இன்னொரு முறை.
மூன்றாவதுக்கு, போதும் போங்க என்று
பீடி கேட்டார்.

மிளகுக் கொடிப் பக்கம் தள்ளிப் போய்
சபியுல்லாவுக்குப் போன் போட்டேன்.
குரலில் எதையும் காட்டாமல்,
கிளட்ச் முடிஞ்சுது பாய்,
வாடை உங்க ஷெட்டுக்கே வந்திருக்கும்,
இரண்டு முப்பத்தைந்தெல்லாம் நடக்காது,
பதினைந்து குறையுங்க
என்றேன்.