எட்டுத் தறிக்கு மேலே

பாவு அறுக்கும் கத்தியால் பெட்டியைப் பிரித்தேன்.
வெள்ளைக் குழாய் ஒன்று. மூன்று கால்.
பெரிய கண் ஒன்று, சின்னக் கண் ஒன்று.
சூரியனைப் பார்க்காதே என்று
ஏழு மொழியில் ஒரு சீட்டு.
தமிழ் அதில் இல்லை, படம் புரிந்தது.

"ஏலச்சீட்டுப் பணம் இதுக்கா போச்சு?"
கேட்ட சென்னியப்பன் பதிலுக்கு நிற்கவில்லை.
கீழே நாலாம் தறியில் ஊடை அறுந்திருந்தது.

பகலிலேயே பழக வேண்டுமாம்.
கேத்தனூர்ப் பக்கம் ஒரு காற்றாடியைப் பிடித்தேன்.
முதுகில் ஒட்டிய சின்னக் குழாயில்
அது தலைகீழாய் நின்று சுற்றியது.
பெரிய குழாயில் நேராய் நின்று
எதிர்ப்பக்கம் சுற்றியது.
இரண்டு குழாயும் ஒரே றெக்கையைக் காட்ட
திருகாணிகளை மாற்றி மாற்றித் திருகியதில்
சோறு வடிக்க மறந்துபோனது.

ரவைக்கு மாடியேறினால் அரை நிலா.
பெரிய கண்ணில்தான் தொடங்க வேண்டும்,
நான் ஆசைப்பட்டுச் சின்னதைப் போட்டேன்.
நிலா நடுங்கியது.
என் கைதான் என்று கையை எடுத்தேன்.
காற்று என்றால், முருங்கையில் ஓர் இலை அசையவில்லை.
அப்புறம் உள்ளங்கால் சொன்னது:
கீழே எட்டுத் தறி.
இருபத்திரண்டு வருசமாய் நடுங்குகிற வீடு.
எங்களுக்குத்தான் தெரியாமல் போயிருக்கிறது.

கோழித்தீவனச் சாக்கை மடித்துக் காலுக்கடியில் கொடுத்தேன்.
முக்காலி நடுவில் செங்கல் கட்டித் தொங்கவிட்டேன்.
நிலாக்குழிகள் கொஞ்சம் நின்றன.
சனி மட்டும் நிற்கவில்லை,
கொதிக்கிற எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி.

நங்கையா ரங்கநாயகி போனில் திட்டினாள்.
"உனக்குக் கும்பராசி. ஏழரை நடக்குது.
அவன் கண்ணுல படாம இருக்கோணும்னு
ஊரே எள்ளு வெளக்குப் போடுது.
நீ குழாய் வெச்சுத் தேடறயா?"

ஐப்பசிக் கடைசியில் கூலிப் பேச்சு முறிந்தது.
பல்லடம் வட்டாரம் முழுக்கத் தறி நின்றது.
முதல் ராத்திரி யாருக்கும் தூக்கம் இல்லை,
சத்தம் இல்லாததால்.
பதினொன்றாம் நாள் பால்காரர் கணக்கை நீட்டினார்.
"சனி புடிச்சிருச்சு" என்றார் சென்னியப்பன்.
எதிர்வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள்.

அன்று பொழுதோடவே குழாயை மாடியில் வைத்து
அதன் சூடு ஆறக் காத்திருந்தேன்.
தெற்கு வானில் மினுங்காத ஒன்றைத் தேடி
பெரிய கண்ணில் பிடித்து, நடுவுக்குக் கொண்டுவந்து,
மூச்சைக்கூட அக்கட்டால் விட்டுவிட்டு
சின்னக் கண்ணை மாற்றினேன்.

ஓர் எள்.
எள்ளைச் சுற்றி ஒரு வளையம்.

இவனுக்கா இத்தனை விளக்கு?

பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்துக்கு நகர்ந்தான்.
பாவு உருளை சுற்றுகிற மாதிரி
வானம் மெல்லப் போய்க்கொண்டிருந்தது,
ஆள் இல்லாமல், கூலி பேசாமல்.
குழாயைத் துளி தள்ளினேன். மறுபடி வந்தான்.

சம்பளம் இல்லாமல், ஊருக்கும் போகாமல்
பட்டறையில் படுத்திருந்த ஜதுமணியைக் கூப்பிட்டேன்.
ஒற்றைக் கண்ணை இடுக்கி வெகுநேரம் பார்த்தான்.
"எங்க ஒடிசாவிலயும் சொனிதான்" என்றான்.
பிறகு, "இவ்ளோ சின்னதா அக்கா?"

கடைசியாகச் சென்னியப்பன் வந்தார்.
முதலில் தன் இமைமயிரைத்தான் பார்த்தார்.
தள்ளி நின்று, குனிந்து, திரும்பப் பார்த்தார்.
துணியில் இழை எண்ணுகிற சின்ன வில்லை
சட்டைப்பையில் கிடந்தது. அதைத் தொட்டுக்கொண்டே கேட்டார்:
"அந்த வளையத்துல
அங்குலத்துக்கு எத்தனை இழை இருக்கும்?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எனக்கும் தெரியவில்லை.
அடுத்தவர் பார்ப்பதற்குள் அவன் நகர்ந்திருந்தான்.

இருபத்தாறாம் நாள் கூலி முடிவானது,
கேட்டதில் பாதி.
பொழுது விழ எட்டுத் தறியும் ஓடின.
மாடிக்குப் போய்ப் பார்த்தேன், எள் துள்ளியது.
கீழே ஜதுமணி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு
ஊடைக் கட்டை மாற்றுகிறான்.
மூடியைப் போட்டுக் குழாயைச் சாக்கில் சுற்றினேன்.
ஞாயிறு தறிக்கு லீவு.
சனியை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.