மூடாத எல்லை

முப்பத்தோரு வருடம் பிறர் நிலத்தை அளந்தேன்.
ஓய்வு பெற்ற மறுவாரம்
என் பெயரை அளக்கக் கிளம்பினேன்.

கில்ஃபில்லன்.
கப்பல் பட்டியலில் கில்ஃபிலான்,
வரி ஏட்டில் கல்பிலின்,
ஒரு போதகர் அவசரத்தில்
மக்கில்லன் என்று முடித்துவிட்டார்.
எழுதத் தெரிந்தவன் காதில் எப்படி விழுந்ததோ
அப்படியே வாழ்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஹான்ஸ் கில்ஃபில்லன்.
ஆன்ட்ரிமில் குத்தகை ஏறிப்போய்
லார்ன் துறையில் கப்பலேறியவன்.
அவன் பாட்டனுக்குப் பாட்டன்
ஸ்காட்லாந்திலிருந்து அந்தக் குறுங்கடலைத் தாண்டி வந்தவன்.
போன இடத்திலெல்லாம்
ஏற்கெனவே யாரோ இருந்தார்கள்.

சார்ல்ஸ்டனில் இறங்கியவனுக்கு
மேட்டுக் காட்டில் நூறு ஏக்கர்,
ஒரு கோடரி, கடனாகச் சோள விதை.
யாரிடமிருந்து எடுத்த நிலம் என்று பத்திரம் சொல்லவில்லை.
ஒரு வரி மட்டும்:
'மேற்கே, செரோக்கியர் நடக்கும் பாதை.'
அடுத்த பத்திரத்தில் பாதை இருக்கிறது.
நடப்பவர்கள் இல்லை.

மனைவி ஜெனட். தகப்பன் பெயர் கிடையாது.
ஓடைக்கரைத் துண்டை விற்கச் சம்மதமாய்
ஒரு பெருக்கல் குறி.
இரண்டு கோடும் வெட்டும் இடத்தில்
இறகு அழுந்தித் தாள் கிழிந்திருக்கிறது.
அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது
அந்தக் கிழிசல்தான்.

நீதிமன்றத்து நிலவறையில்
கையுறை போட்டு முதல் அளவையைப் படித்தேன்:
வெள்ளை ஓக்கில் தொடங்கி
வடகிழக்கே முப்பத்திரண்டு சங்கிலி, ஹிக்கரி மரம் வரை;
தெற்கே திரும்பி ஓடைப் பாறை வரை;
பிறகு பாதையோரம், வெட்டுக்குறி போட்ட பைன்.
இந்நான்கெல்லைக்கு உட்பட்டு.
காந்த ஊசியின் வடக்கும் நகர்ந்திருக்கிறது
இந்த இருநூற்றைம்பது வருடத்தில்.
அதையும் திருத்திக் காகிதத்தில் ஓட்டினேன்.

மூடவில்லை.
மூன்று சங்கிலி, இருபது கண்ணி இடைவெளி.
அளந்தவன் குடித்திருக்கலாம்.
சங்கிலி பிடித்த பையன் பாம்பைப் பார்த்திருக்கலாம்.
என் தொழிலில் இதற்கெல்லாம் மன்னிப்பு உண்டு.

அடுத்த பெட்டியில், ஹான்ஸ் செத்தபோது எடுத்த சொத்துக் கணக்கு.
செம்பழுப்புக் குதிரை ஒன்று, பதினெட்டு பவுண்டு.
ஆகார் என்ற கறுப்புப் பெண், நாற்பத்தைந்து பவுண்டு.
ஆளிநார் நூற்கும் ராட்டை, பத்து ஷில்லிங்.
அட்டை போன வேதாகமம், விலை இல்லை.

நாம் பரம ஏழைகள்,
நம்மிடம் அடிமை ஏது என்பார் அப்பா.
நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில், வருடந்தவறாமல்,
யாரும் கேட்காதபோதே சொல்வார்.

இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை.
தேவையில்லாமல் புல் வெட்டினேன்.

மூன்றாம் நாள்
மகன் விற்ற பத்திரம் கிடைத்தது.
அதே ஓக், அதே ஹிக்கரி, பாறை, பைன்.
பைனுக்கு அப்பால் ஒரு வரி கூடுதல்:
'அங்கிருந்து, ஆகாரின் குடிசை இருந்த ஊற்றுக்கு.'
மூலை ஐந்து.
ஓட்டிப் பார்த்தேன்.
கண்ணி பிசகாமல் மூடியது.

ஊற்று இப்போது டயர் கடைக்குப் பின்னால்,
நெடுஞ்சாலைக்கு அடியில் ஒரு சிமெண்ட் குழாய்.
பூட்ஸைக் கழற்றிவிட்டு நின்றேன்.
சில்லென்று இருந்தது, அவ்வளவுதான்.
எந்த மரமும் மிச்சமில்லை.

எங்கள் வட்டாரத் தொலைபேசிப் புத்தகத்தில்
பதினோரு கில்ஃபில்லன்கள்.
நான்கு பேர் என் ஆட்கள்.
மற்ற ஏழு பேர் இருப்பது
ஐம்பது வருடமாய்த் தெரியும்.
ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், அவர்கள் தேவாலயம் வேறு.

நேற்று மாலை முதல் எண்ணை அழுத்தினேன்.
ஒரு பெண் எடுத்தாள்.
பெயரைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் பின்னால் தொலைக்காட்சிச் சத்தம்.
அதைக் குறைத்துவிட்டுக் கேட்டாள்:
'நீங்கள் எப்படி எழுதுவீர்கள்?'