பதினேழு புள்ளி ஆறு

காலையில் முதல் பிரேக் எப்போதும் ஒரு கரகரப்பு.
தங்கச்சிமடத்துக் காற்று இராத்திரி முழுக்க
டிஸ்க்கின் மேல் செம்பழுப்பாய்த் தடவிவிட்டுப் போனதை
பேட் வழித்தெடுக்கும் சத்தம்.
தெருமுனை தாண்டினால் அடங்கிவிடும்.
இது அடங்கவில்லை.
அறுபதில் வந்து மிதித்தால்
கையில் பிடிபட்ட நண்டாய் உதறுகிறது ஸ்டியரிங்.

போன புதன்கிழமை, பாம்பன் பாலத்து நடுவில்,
ரயில் வருகிறதென்று ஒரு வெளியூர் வேன்
இண்டிகேட்டர்கூடப் போடாமல் நின்றது.
போனைத் தூக்கிக்கொண்டு எட்டுப் பேர் இறங்கினார்கள்.
நான் நின்றேன்.
நின்றேன் என்றா சொல்வது,
நடுங்கி நடுங்கி ஒரு முழ இடைவெளியில் போய்ச் சேர்ந்தேன்.
சந்தியாகு ஒன்றும் சொல்லவில்லை.
இடது கையை நெஞ்சோடு அணைத்திருந்தார்,
டயாலிசிஸ் ஊசி ஏறும் அந்தக் கையை.

உச்சிப்புளியில் நூர் அமீன் சக்கரத்தைக் கழற்றி
வெர்னியரை வைத்தார்.
பதினேழு புள்ளி ஆறு.
பதினெட்டுக்குக் கீழே போனால் ஓட்டாதே என்று
இரும்பின் விளிம்பிலேயே பொறித்திருக்கிறது.
ஐந்து வருஷமாய் ஓட்டுகிறேன்,
இப்படி ஒரு எழுத்து இருப்பதே தெரியாது.
"கடைசல் பிடிக்க இனி சதை இல்லக்கா" என்றார்.

பலகை மேல் பரப்பினார்கள்.
ஓட்டை போட்டது, ஜோடி ஒன்பதாயிரத்து ஐந்நூறு.
இடியாப்ப அச்சு மாதிரி அழகாய்த்தான் இருந்தது.
கடைப் பையன் ஜெரினுக்கு அதன் மேல்தான் கண்.
மலை இறங்குறவங்களுக்கு நல்லதுக்கா என்றான்.
எங்களுக்கு மலை என்றால் பாலத்தின் முதுகு.
"ஓட்டைக்குள்ள மணல் உக்காரும், உப்பு குடியேறும்,
அப்புறம் ஓட்டைக்கு ஓட்டை கீறல் ஓடும்."
கோடு கிழித்தது ஏழாயிரம், ஊளையிடுமாம்.
சாதா இரண்டாயிரத்து எண்ணூறு.
அதே சாதா, சாம்பல் பூச்சோடு, மூவாயிரத்து அறுநூறு:
பேட் படுகிற இடத்தில் பூச்சு முதல் நாளே போய்விடும்,
நடுவிலும் விளிம்பிலும் துருவை மறித்து நிற்கும்.

"பெரிய காலிபர் மாட்டலாமா?" என்று கேட்டேன், பயத்தில்.
"சிவப்பு பெயிண்ட் அடிச்சுத் தரேன்" என்று சிரித்தான் ஜெரின்.
"டயர் வழுக்கையா இருக்கு,
அந்தக் காச அதுக்கு வச்சுக்கங்க" என்றார் நூர் அமீன்.

சந்தியாகு டீ டம்ளரைக் குடிக்காமல் உருட்டிக்கொண்டிருந்தார்.
ஒரு நாளைக்கு எழுநூறு மில்லிதான் அவர் கணக்கு.
இருபத்திரண்டு வருஷம் விசைப்படகு டிரைவர்.
"கடல்ல பிரேக்கே கிடையாது.
ரிவர்ஸ் போட்டுத்தான் நிப்பாட்டுவோம்.
அப்பவும் நின்னதில்ல."

வாரம் மூன்று நாள் ராமநாதபுரம்.
போக நாற்பத்தஞ்சு, வர நாற்பத்தஞ்சு.
நாலு மணி நேரம் ரத்தம் கழுவி வருகிறவர்
வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வரவேண்டும்,
எனக்கு வேண்டிய அப்கிரேடு அவ்வளவுதான்.
பூச்சு போட்ட சாதாவை எடுத்தேன்.
பேட் மட்டும் கொஞ்சம் விலை கூடியது.

"பதப்படுத்தணும்க்கா.
அறுபதுல இருந்து பத்துக்கு, ஒரு முப்பது தடவை.
முழுசா நிப்பாட்டிராதீங்க,
சூட்டோட நின்னா பேடோட அச்சு அப்படியே விழுந்துரும்."

ஞாயிற்றுக்கிழமை கேட் திறந்ததும்
தனுஷ்கோடி ரோட்டில் இறங்கினோம்.
வளையாத ரோடு, இரண்டு பக்கமும் தண்ணீர்.
அறுபது, பத்து.
அறுபது, பத்து.
அவர் விரல்விட்டு எண்ணினார்.
பதினொன்றில் லேசாய்க் கருகல் வாசனை.
பதினேழு தாண்டியதும் கணக்குத் தப்பியது.
"பதினேழு புள்ளி ஆறுன்னு வச்சுக்க" என்றார்.

ஸ்டியரிங் சும்மா இருந்தது.
நான் அதை நம்பாமல் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

அரிச்சல்முனையில் எல்லாரும் நிறுத்தி இறங்குகிறார்கள்.
நாங்கள் தூணைச் சுற்றி, நிற்காமல், திரும்பினோம்.
ஜன்னலுக்கு வெளியே போட்டிருந்தார் இடது கையை.
உப்புக் காத்து, உள்ளே எடுங்க என்றேன்.
எடுக்கவில்லை.