பெயர் மாற்றம்

காக்கி புக்கிட்டில், ஆறாம் தளத்துப் பட்டறையில்
தார்ப்பாயை விலக்கிக் காட்டினார் குவெக்.
ஆஸ்திரேலியச் சார்ஜர், எழுபத்தொன்றாம் வருடத்தது.
உறுமிப் பழகிய ஒன்று
வாயில் துணி திணித்ததுபோல் நின்றது.
"வீட்டுக்காரருக்கா?" என்றார்.
பாசிர் பாஞ்சாங்கில் முப்பது டன் பெட்டியைத்
தண்ணீருக்கு மேலே ஆடாமல் நிறுத்தும் கையால்
முன்பணத்தை எண்ணி வைத்தேன்.

வண்டியோடு ஒரு பழுப்பு உறை வந்தது.
அதற்குள் நாலு பெயர்கள்.
மூன்றாம் பெயருக்கும் நாலாம் பெயருக்கும் நடுவே
ஆறு வருடத்தைக் காணோம்.
பக்கம் உதிர்ந்திருக்கலாம்,
கரையான் தின்றிருக்கலாம்,
யாராவது வேண்டுமென்றே...
சரி, விடு.
ஆனால் விட முடியவில்லை.

முதல் பெயர் கார்மடி.
செம்பவாங் முகாமில் சார்ஜென்ட்.
படை ஊர் திரும்பியபோது விற்றுவிட்டுப் போனவன்.
பெர்த்திலிருந்து அவன் மகள் எழுதினாள்:
அப்பா இறந்து ஒன்பது வருடமாகிறது.
இந்த வண்டியைப் பற்றி வாய் திறந்ததே இல்லை.
ஒரு படம் மட்டும் இருக்கிறது, அனுப்பியிருக்கிறேன்.
பானெட்டில் சாய்ந்து நிற்கும் அந்தப் பெண் யார்,
உங்களுக்குத் தெரியுமா?

தேடிப் போனவளிடமே ஒரு தேடலைக் கொடுத்தாள்.
இன்னும் பதில் போடவில்லை.

இரண்டாவது, பொங்கோல் பன்றிப் பண்ணைக்கார டியோ.
அவர் மகன் பிடோக் காப்பிக்கடையில்
மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.
"பின் இருக்கையைப் பிடுங்கிப் போட்டுவிட்டோம்.
இருநூற்றெண்பது குதிரை, இருபது மூட்டை தவிடு!"
மழை நாளில் மட்டும் வரும் வாடைக்கு
அன்றுதான் காரணம் கிடைத்தது.

மூன்றாவது, ஓர்லின் டி கொன்சேசாவ்.
சிக்லாப்பில் தடியூன்றிக் கீழே வந்தார்.
வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு
இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.
கண்ணாடி இறக்கும் பிடியை
அவர் கை பார்க்காமலே பிடித்தது.
"ஓட்டியதில்லை. என் பெயரில் இருந்தது,
அவ்வளவுதான்."
யார் ஓட்டினார் என்று நான் கேட்கவில்லை.
பிடியை மூன்று சுற்றுச் சுற்றி
மறுபடி மூன்று சுற்று ஏற்றினார்.

நாலாவது, ரம்லி பின் சுலோங்.
கல்யாண வீடுகளில் டிரம் அடித்தவர்.
அவரைப் பார்க்கப் போகுமுன்
மெத்தை தைக்கும் அஸ்மியிடமிருந்து அழைப்பு:
"அக்கா, உடனே வாங்க."

பின் இருக்கையில் மல்லாந்து படுத்திருந்தான்,
கையில் கத்தரிக்கோல்.
நானும் குனிந்து பார்த்தேன்.
கூரை ரெக்சினில் இரண்டு பாதங்கள்.
செம்மண் நிறம். என் உள்ளங்கை நீளம்கூட இல்லை.
வலது பெருவிரல் கொஞ்சம் விலகியிருந்தது.

ஒவ்வொருவரையும் திரும்ப அழைத்தேன்.
பெர்த்: இல்லை, நாங்கள் அப்போது பிறக்கவில்லை.
டியோ: பின் இருக்கையே இல்லையேம்மா.
ஓர்லின் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு,
"அங்கே மழை பெய்கிறதா?" என்றார்.
பெய்கிறது என்றேன்.
வைத்துவிட்டார்.

ரம்லிதான் சொன்னார்:
"எனக்கு முன்னாலேயே இருந்தது.
யாருடையதென்று தெரியாது.
டிரம் அடுக்கும்போது
அந்த இடத்தில் மட்டும் இடிக்காமல் பார்த்துக்கொள்வேன்.
பதினோரு வருடம்."

அஸ்மி இன்னும் படுத்தபடியே இருந்தான்.
"முழுசா மாத்திடலாமா?"
சுற்றிலும் வெட்டு, அதை விட்டுவிடு என்றேன்.
தையல் அசிங்கமாகத் தெரியும் என்றான்.
தெரியட்டும்.

இவ்வகை வண்டிக்கு வருடத்தில்
நாற்பத்தைந்து நாள்தான் சாலை.
முதல் நாளை நேற்று எடுத்துக்கொண்டேன்.
விடியுமுன், பழைய அப்பர் தாம்சன் வளைவுகளில்
குரங்குகள் மரத்துக்கு ஓட
ஒரே ஒருமுறை முழுதாக மிதித்தேன்.

பின்பக்கம் காட்டும் கண்ணாடியை
விரலளவு மேலே திருப்பி வைத்திருக்கிறேன்.
பின்னால் வருகிற வண்டி சரியாகத் தெரியாது.
கால்கள் தெரியும்.